மணத்துக்கும் ஸனது வேண்டும்

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். காவியத்தைத் திறனாய்வு செய்கிறோம். கட்டடத்தையும் ஓவியத்தையும் கூட எடைபோட்டுப் பார்க்கிறோம். நறுமணத்தை அவ்வாறு எடைபோடலாகுமா என்று அன்பர்கள் வினவக்கூடும். இவ்வினா ஐரோப்பிய நீதிமன்றங்களையே திகைக்க வைத்த வினாவாகும். 2006ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சில நாள் இடைவெளியில், பிரான்சின் உச்ச நீதிமன்றம் வாசனைக் கலவை வெறும் தொழில்திறனேயன்றிப் படைப்பன்று என்று தீர்ப்பளித்தது; நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றமோ அதுவும் ஒரு படைப்பே, அதற்கும் ஆக்கியோன் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2018இல் ஐரோப்பிய நீதிமன்றம் பாலாடைக்கட்டியின் சுவை பற்றிய வழக்கொன்றில், துல்லியமாக வரையறுக்க இயலாத சுவைக்கு அவ்வுரிமை இல்லை என்றது. சட்டம் இவ்வாறு தடுமாறட்டும். ஒரு பொருளுக்குப் பெயரும் இட்டு, ஒரு நாட்டின் உள்ளத்தை இதில் அடைத்துள்ளோம் என்று விலைக்கு நீட்டும்போது, அந்நாட்டார் அதனை முகர்ந்து பார்த்து மெய்யா பொய்யா என்று கூறுவது தவறாகாது.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள், அயல்நாடுகளுக்குப் பயணம் சென்று, அவ்விடத்து மரம் செடி கொடிகளையும் மணங்களையும் கண்டு, அவற்றை நினைவில் ஏந்தித் திரும்பி வாசனைத் திரவியம் சமைக்கும் மேனாட்டுக் கலைஞர்களைப் பற்றியது. இவர்களுள் பலர் பிரான்சின் தென்பகுதியிலுள்ள கிராஸ் என்னும் ஊரின் வழிவந்தவர்கள். கடியப்பட்டணத்துக் கடற்கரையில் இருந்துகொண்டு கிராஸ் நகரத்தாரைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? அவர்கள் வந்து முகர்ந்து சென்ற மண்களுள் நம் அண்டை மண்ணும் ஒன்று. அவர்கள் புட்டியின்மேல் எழுதிய பெயர்களுள் நம் மொழிகளின் சொற்களும் உள்ளன. ஆதலின் எழுதுகிறோம்.

அளவுகோல் எது? மதரஸாவில் ஓதியவர்க்கு அது தொலைவில் இல்லை. ஹதீஸ் கலையில் ஒவ்வோர் அறிவிப்பும் இரு கூறு உடையது. ஒன்று மத்னு, அதாவது சொல்லப்பட்ட செய்தி. மற்றொன்று ஸனது, அதாவது அச்செய்தி யாரிடமிருந்து யார் கேட்டு யார் வழியாக நம்மை அடைந்தது என்னும் சங்கிலி. செய்தி எத்துணை அழகாயினும் சங்கிலி அறுந்திருந்தால் அறிஞர்கள் தயங்குவர். புனிதமான அக்கலையை வாசனைப் புட்டியோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் எண்ணற்க. நம் முன்னோர் நேர்மையை அளந்த கோலைக் கடன் வாங்குகிறோம், அவ்வளவே. நறுமணத்தின் மத்னு மூக்கில் படுவது. அதன் ஸனது, அம்மணத்தைப் பேணியவர், பறித்தவர், வடித்தவர், கலந்தவர் என்னும் வரிசை. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் பயணமே செய்யாத ஒரு படைப்பு. 1925இல் பாரிஸ் பொருட்காட்சியில் கெர்லான் இல்லத்தார் ‘ஷாலிமார்’ என்னும் வாசனையை முன்வைத்தனர். ஆக்கியோர் ஜாக் கெர்லான். ஷாஜஹான் எழுப்பிய லாகூர்த் தோட்டமும், ஜஹாங்கீர் எழுப்பிய காஷ்மீரத் தோட்டமும் தாங்கி நிற்கும் பெயர் அது. பாரிஸுக்கு வந்த இந்திய மன்னர் ஒருவர் சொன்ன கதையே அதற்கு வித்தென்று இல்லத்தார் கூறுவர். உள்ளே இருப்பனவோ எலுமிச்சை இனத்துப் பெர்கமோட்டும், ஆய்வுக்கூடத்தில் பிறந்த வனிலா மணப்பொருளும் பிறவும். முகலாயத் தோட்டத்துக்கும் இவற்றுக்கும் உறவு யாது? பெயர் ஒன்றே. கலவை என்ற அளவில் அது ஒரு நூற்றாண்டாக உலகம் விரும்பும் வெற்றி. அதனை மறுப்பார் இலர். ஆனால் ஸனது நோக்கில் அது முன்கத்திஃ, அறுந்த சங்கிலி. கேட்ட கதையின்மேல் கட்டிய மாளிகை.

அடுத்து வருவோர் நேரிற் சென்றவர்கள். 1947இல் பிறந்த ழான் குளோத் எல்லெனா என்பார் 2004 முதல் எர்மேஸ் இல்லத்தின் வாசனைக் கலைஞராக விளங்கி, 2016இல் ஓய்வு பெற்றவர். இவர் நீல நதிக்கரை அஸ்வானுக்குச் சென்று வந்து 2005இல் வெளியிட்ட கலவைக்கு ‘நீல நதிமேல் ஒரு தோட்டம்’ என்பது பெயரின் பொருள். எகிப்து என்றதும் யாரும் எதிர்பார்ப்பது மல்லிகையும் தூபமும் தாமரையும். இவரோ அங்கே மரத்தில் தொங்கிய மாங்காயின் பசுமணத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மணத்தை மாங்காயிலிருந்து வடித்தாரல்லர்; வேறு பொருள்களைக் கூட்டி மாங்காய் என்னும் மயக்கத்தை உண்டாக்கினார். இதனை ஏமாற்று என்று தள்ளிவிடலாகாது. புலவன் கடலைப் பாடும்போது ஏட்டில் உப்பு நீரை ஊற்றுவதில்லை. மத்னு நோக்கில் இது நேர்மையான கலையே.

பெர்த்திரான் துஷோஃபூர் என்பார் மாலி நாட்டுக்குச் சென்று வந்து 2004இல் ‘திம்புக்து’ என்னும் கலவையைச் செய்தார். திம்புக்து, நூல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் பேர்பெற்ற முஸ்லிம் நகரம். அந்நாட்டுப் பெண்கள் வேர்களையும் மரப்பட்டைகளையும் வாசனை எண்ணெய்களில் ஊறவைத்துச் சமைக்கும் ‘உஸுலான்’ என்னும் தூபக் கலவையே தம் படைப்புக்குத் தூண்டுதல் என்று கூறப்பட்டது. இங்கே ஒரு நன்மை உண்டு. மரத்தையும் மலரையும் மட்டுமன்றி, மனிதர் செய்த ஒரு மணக்கலையையும் மூலமாகப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டனர். சங்கிலியில் ஒரு கண்ணியேனும் கண்ணுக்குத் தெரிகிறது.

நிற்க. நமக்கு மிக அண்மையில் உள்ள படைப்புக்கு வருவோம். எல்லெனா கேரளத்துக்கு வந்து சென்று 2008இல் வெளியிட்ட கலவையின் பெயர், ‘மழைக்காலத்துக்குப் பின் ஒரு தோட்டம்’ எனப் பொருள்படும். பிரெஞ்சில் மழைக்காலத்தைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் ‘மூஸோன்’. அது போர்ச்சுகீசியர் வாய்வழியாக அரபியிலிருந்து சென்ற சொல். ‘மவ்ஸிம்’ என்றால் பருவம். அரபிக் கடலோடிகள் பாய் விரிக்கும் காலத்தையும் கரை சேரும் காலத்தையும் அச்சொல்லால் குறித்தனர். குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் காயல்பட்டணமும் அப்பருவக் காற்றைக் கொண்டே நாள் எண்ணிய துறைகள். ஆக, பாரிஸில் விற்கும் அப்புட்டியின் நெற்றியில் நம் பாட்டன்மார் கடலில் சொன்ன சொல் எழுதப்பட்டுள்ளது. விற்போரும் வாங்குவோரும் அதனை அறிவரோ?

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூரோடு ஒட்டியிருந்த மண். கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை நம்மையும் நனைத்தே செல்கிறது. ஆதலின் இப்படைப்பை மதிப்பிடும் தகுதி நமக்கு உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் வழியாக நாமும் அதனை முகர்ந்து பார்த்தோம். முதலில் இஞ்சி, தோல் சீவிய இஞ்சியின் குளிர்ச்சி, காரமன்று. பின் ஏலமும் கொத்துமல்லி விதையும் மிளகும் மெல்லத் தலைகாட்டுகின்றன. நடுவே முலாம்பழம் போன்றதொரு நீர்த்தன்மை. அடியில் வெட்டிவேர். சந்தனமும் மல்லிகையும் இல்லை. இந்தியா என்றால் சந்தனம், மல்லிகை, கோயில் தூபம் என்று அரைத்த மாவை அரைக்காமல் விட்டதே இக்கலைஞரின் பெருமை. வெயில் தணிந்து, மழை ஓய்ந்து, இலை நுனியில் நீர் நிற்கும் வேளையின் இளைப்பாறுதலை அவர் உணர்ந்திருக்கிறார். இதனைப் பாராட்டாமல் விட்டால் நாம் நீதி செய்தவர் ஆகோம்.

ஆயினும் குறை உண்டு. நம் கரையில் மழை ஓய்ந்தால் எழும் மணம் ஒன்றன்று. வள்ளியாறு கலங்கிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் சேற்று மணம். தொண்டு ஊறும் கயத்தின் புளித்த மணம். நனைந்துபோன கருவாட்டை மறுபடி வெயிலில் விரிக்கும் பெண்களின் கைம்மணம். ஈர விறகு புகையும் அடுப்பு மணம். இவை இனியன அல்ல, ஆயினும் மெய்யானவை. அவருடைய தோட்டத்தில் இலை உண்டு, வேர் உண்டு, நீர் உண்டு, மனிதர் இல்லை. உழைப்பவன் வெளியேறிய பிறகு எடுத்த ஓவியம் போன்றது அது. கருவாட்டு மணத்தைப் புட்டியில் அடைக்கச் சொல்கிறீரோ என்று நகைப்போர் இருக்கலாம். அங்ஙனம் சொல்லவில்லை. கஸ்தூரியும் அம்பரும் விலங்கின் உடலிலிருந்து வருபவை. வந்தவாறே முகர்ந்தால் முகம் சுளிக்க வைப்பவை. அவற்றை ஒரு துளி கூட்டி மலர்க்கு உயிரூட்டுவதே பழைய அத்தர்க்காரரின் நுட்பம். அந்தத் துணிவு இங்கே இல்லை என்கிறோம்.

இதனோடு கன்னோஜி நகரத்தார் செய்யும் மண் அத்தரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உத்தரப் பிரதேசத்து அவ்வூரில் சுட்ட களிமண்ணைச் செம்புக் கலத்தில் நீரோடு இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கிற் குழல் வழியே சந்தனத் தைலத்தில் இறக்குவர். முதல் மழை மண்ணில் விழும் வேளையின் மணம் அதில் அடங்கும். 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் அம்மணத்துக்குப் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்டு ஆய்வுரை எழுதியபோது, வட இந்தியத் தொழிலாளர் அதனை முன்னரே வடித்தெடுத்து வருவதைக் குறிப்பிட்டனர். மேனாட்டுக் கலைஞர் மழைக்குப் பிந்திய தோட்டத்தை நினைவிலிருந்து எழுதினார். கன்னோஜித் தொழிலாளர் மழைக்கு ஏங்கும் மண்ணையே அடுப்பில் ஏற்றினர். முன்னது நல்ல கவிதை, பின்னது நேர்ச்சாட்சி.

இனி ஸனதுக்கு வருவோம். தாபியீ ஒருவர் இடையிலுள்ள ஸஹாபியின் பெயரைச் சொல்லாது விட்டு, நேரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அறிவித்தால் அதனை முர்ஸல் என்பர். மூலத்தோடு உடனிருந்தவரின் பெயர் விடுபடுவதே அதன் குறை. ஷாஃபிஈ இமாம் அவர்கள் வேறு சான்று துணை நின்றாலன்றி முர்ஸலை ஏற்பதில்லை. கேரளத் தோட்டத்தின் கலவையும் ஒருவகையில் இத்தகையதே. ஆக்கியோன் பெயர் உண்டு. இல்லத்தின் பெயர் உண்டு. நாட்டின் பெயரும் உண்டு. அம்மண்ணோடு உடனிருந்து, எந்த இலையைக் கசக்கினால் எந்த மணம் வரும் என்று வழிவழியாக அறிந்தவர் பெயர் எங்கே?

இவ்விடத்தில் நம்மை நோக்கியே ஒரு கணை வரக்கூடும். உமறுப் புலவர் அரபு நாட்டைக் கண்டாரா? சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் வயலும் வாய்க்காலும் தாமரையும் மலிந்த மருத நிலமாக அன்றோ அரபகம் காட்சி தருகிறது? காணாத நாட்டுக்குத் தம் நாட்டு மணத்தைப் பூசிய உமறுப் புலவரைப் போற்றி, கண்ட நாட்டை எழுதிய பிரெஞ்சுக்காரரைக் குறை கூறுவது நடுவுநிலையா?

கேள்வி கூர்மையானது, விடையும் உண்டு. கற்பனையை நாம் குற்றம் என்று கூறவில்லை. உமறுப் புலவர் தம்மிடம் இருந்த செல்வத்தையெல்லாம் எடுத்துத் தாம் நேசித்த நாட்டுக்குச் சூட்டினார். அது கொடை. பிறர் நாட்டின் மணத்தை எடுத்துத் தம் இல்லத்தின் முத்திரையிட்டு விற்பது வாணிகம். வாணிகம் ஹலாலே, ஆயின் வாணிகத்துக்குக் கணக்கு உண்டு. மேலும் உமறுப் புலவர் தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைக் காப்பியத்துக்குள்ளேயே பலவிடத்தும் நன்றியோடு பாடி வைத்தார். கடனை நூலின் உள்ளேயே எழுதி வைக்கும் மரபு நம்முடையது. பாரிஸ் புட்டியில் அந்த ஓர் அடிதான் இல்லை.

அரபியரும் பிறர் மணங்களுக்குப் பெயரிட்டவரே. அதனையும் மறைக்காது சொல்ல வேண்டும். திருமறையில் சுவனத்தின் பானங்களைக் கூறுமிடத்து காஃபூரும் ஸன்ஜபீலும் மிஸ்க்கும் வருகின்றன. இம்மூன்று சொற்களும் பிற மொழியிலிருந்து அரபியில் வந்து குடியேறியவை என்று பழைய மொழியறிஞர்களே எழுதி வைத்தனர். ஸன்ஜபீலின் தொடக்கத்தை நாடிச் செல்லும் ஆய்வாளர் பலர் நம் இஞ்சிவேரிடம் வந்து நிற்கின்றனர். மதுரை மல்லிக்குத் தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயர் ‘ஜாஸ்மினம் ஸம்பாக்’. முற்சொல் யாஸ்மீன், பிற்சொல் ஸன்பக் என்னும் அரபிச் சொல். அரபியர் அகிற்கட்டை வகைகளுள் சிறந்த ஒன்றை ‘ஊதுல் கமாரி’ என்றனர். அது குமரியின் பெயரே என்று கொண்டாரும் உளர். கெமர் நாடாகிய கம்போடியாவைக் குறிக்கும் என்பதே பெரும்பாலோர் முடிபு. நம் ஊர்ப் பெருமைக்காக மெய்யை வளைக்க வேண்டுவதில்லை. இங்கு நாம் காண வேண்டியது வேறு: பொருள் பிறந்த நாட்டின் பெயரைப் பொருளோடு சேர்த்தே வழங்கினர் அக்காலத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி எழுதிய வாசனை வடிப்பு நூலில் 107 செய்முறைகள் உள்ளன. அவற்றைத் தம் நெஞ்சிலேயே பூட்டி வைக்காமல் பிறர் செய்து பார்க்கும்படி அளவோடு எழுதி வைத்தார். இன்றைய இல்லங்களோ செய்முறையை இரும்புப் பெட்டியில் வைக்கின்றன.

இன்னும் ஒரு தடை எழும். காற்றில் வரும் மணம் யாருக்குச் சொந்தம்? வழிப்போக்கன் முகர்ந்ததற்கு விலை கேட்கலாமா? முல்லா கதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்ததே. சமையல் மணத்தை முகர்ந்தவனிடம் கடைக்காரன் காசு கேட்க, காசின் ஓசையைக் கேட்கச் செய்து, மணத்துக்கு ஓசையே விலை என்று தீர்ப்பளித்தார் முல்லா. நல்ல தீர்ப்பு. ஆனால் அவ்வழிப்போக்கன் அம்மணத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டியில் அடைத்து விற்றிருந்தால் முல்லா என்ன சொல்லியிருப்பார்? வாங்கியது காசாயின் கொடுப்பது ஓசையாக இருத்தல் ஆகாது என்றே சொல்லியிருப்பார்.

இது வெறுங்கதையன்று. ஜிவோதான் நிறுவனத்தின் சுவிட்சர்லாந்து அறிஞர் ரோமன் கைசர், செடியில் இருக்கும் மலரைப் பறிக்காமலே கண்ணாடிக் குமிழால் மூடி, அதனைச் சூழ்ந்த காற்றை இழுத்து, அதிலுள்ள மணப்பொருள்களைப் பிரித்தறியும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். தென்னமெரிக்கக் காடுகளின் மர உச்சி வரை இம்முறை சென்றது. மலர் வாடுவதில்லை, அரிய செடி அழிவதில்லை, இது நன்மை. அதே வேளையில், எல்லையைக் கடப்பது இலையோ விதையோ அன்று, அறிவு மட்டுமே. இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டமும், 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கையும் உள்நாட்டுச் செல்வத்தால் வரும் பயனைப் பகிரச் சொல்கின்றன. ஒரு கலைஞர் மூக்கிலும் நினைவிலும் ஏந்திச் செல்லும் மணத்துக்கு எந்தச் சுங்கச் சாவடியும் இல்லை. அங்கே காவல் நிற்பது மனச்சான்று ஒன்றே.

மனச்சான்றோடு நடந்ததற்கு நம் மலையிலேயே முன்மாதிரி உண்டு. 1987இல் அகத்தியர் மலைப் பகுதிக்குச் சென்ற தாவரவியலாருக்கு, களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காணி மக்கள் காட்டினர். திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கிய பின், உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு என ஒதுக்கியது. நடைமுறையில் குறைகள் பேசப்பட்டன. ஆயினும் ஸனதின் முதற் கண்ணி விடுபடவில்லை. மருந்துக்கு இயன்றது மணத்துக்கு ஏன் இயலாது?

பூவையே விலைக்கு வாங்கும்போதும் இக்கேள்வி உண்டு. தமிழகத்து மல்லிகையும் பிச்சியும் மேனாட்டு வாசனை இல்லங்களுக்குச் சாறாகச் செல்கின்றன. ஆயிரம் கிலோ மலரைக் கரைப்பானில் இட்டுப் பிரித்தால் இறுதியில் தேறும் தூய சாறு ஒன்றிரண்டு கிலோவே. அந்த ஆயிரம் கிலோவும் ஒவ்வொரு மலராகக் கையால் பறிக்கப்பட்டது. விடியுமுன் எழுந்த கைகள் அவை. நம் மாவட்டத்துத் தோவாளைச் சந்தையைக் கண்டவர்க்கு அக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. புட்டியின்மேல் கலைஞரின் கையொப்பம் இருக்கிறது. கைகளின் ஒப்பம் இல்லை.

இத்துணையும் பிறரை நோக்கிச் சொன்னோம். நம் வீட்டையும் நோக்க வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை நேசித்தார்கள். யாரேனும் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. மவ்லிது மஜ்லிஸில் பன்னீர் தெளித்ததும், சாம்பிராணி இட்டதும், ஜும்ஆவுக்கு அத்தர் தடவியதும் நம் குடும்பங்களின் வழக்கம். அந்த அத்தர் எந்த மலரினது, எவ்வூரில் வடித்தது என்று நம்முள் எத்தனை பேர் சொல்வோம்? ஒடிசாவின் கஞ்சம் பகுதியார் தாழம்பூவை வடித்துப் பிழைக்கின்றனர்; நமக்குத் தாழை வேலிப்புதராகவே நின்றுவிட்டது. மருக்கொழுந்துக்கும் மனோரஞ்சிதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்மூடிச் சொல்லும் பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் அறிவை நாம் எழுதி வைக்கவில்லை. ஸனதின் முதற் கண்ணியை நாமே பதியாதபோது, அடுத்த கண்ணிக்காரர் அதனை விட்டுவிட்டார் என்று எவ்வளவுதான் முறையிடுவது?

நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உவமித்த செய்தி நினைவுக்கு வருகிறது. அவன் உனக்குச் சிறிது தரக்கூடும். நீ விலைக்கு வாங்கக்கூடும். இல்லையேல் நன்மணமேனும் கிடைக்கும் என்பது அதன் கருத்து. நம் நாட்டுக்கு வந்த வாசனைக் கலைஞர்க்கு நம் மக்கள் கஸ்தூரி விற்பவராக இருந்தனர். அவர் மூன்றையும் பெற்றுச் சென்றார். நல்ல நட்பாயின், பெற்றவர் கொடுத்தவரின் பெயரை மறவார். எல்லெனாவின் மழைத்தோட்டத்தை நல்ல மத்னு என்று ஏற்கிறோம். அதன் ஸனதை நிறைவு செய்யும் கடமை அவர் இல்லத்துக்கு உண்டு. நம் பங்குக்கு அப்பெயர்களைப் பதிந்து வைக்கும் கடமை நமக்கு உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் ஓதத் தெரிந்த ஒரு பிள்ளை, முதியவர் அருகில் அமர்ந்து, அவர் அறிந்த மலர்களையும் வேர்களையும் அவற்றின் மணங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கட்டும். சொன்னவர் பெயரை முதல் வரியில் எழுதட்டும்.